தரவில் 960 வரிகள், சாட்சிகள் எத்தனை? கூட்டுறவுச் சோதனைகளின் புள்ளியியல்

பொதுநலச் சோதனையின் விதிகளை ஒரு தாளில் எழுதிவிடலாம். நான்கு பேர் ஒரு குழு. ஒவ்வொருவர் கையிலும் 20 வில்லைகள். எத்தனையைப் பொதுத் தொகுப்பில் போடுவது, எத்தனையைத் தன்னிடமே வைத்துக்கொள்வது என்று நால்வரும் ஒரே நேரத்தில், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் தீர்மானிக்க வேண்டும். தொகுப்பில் விழும் ஒவ்வொரு வில்லைக்கும் நால்வருக்கும் தலா 0.4 வில்லை கிடைக்கும், போட்டவர் போடாதவர் என்ற பேதமில்லாமல். நால்வரும் இருப்பதை எல்லாம் போட்டால் தலா 32. யாருமே போடாவிட்டால் தலா 20. மூவர் முழுதாகப் போட, ஒருவர் மட்டும் கையை மூடிக்கொண்டால் அவருக்கு 44, மற்ற மூவருக்கும் 24. தனி மனிதருக்கு ஓசிச் சவாரி லாபம், குழுவுக்கு நஷ்டம். இந்த முரண்தான் சோதனையின் உயிர்.

எர்ன்ஸ்ட் ஃபேரும் சைமன் கேக்டரும் 2000இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இந்த 4, 20, 0.4 என்ற எண்கள் ஏறக்குறைய வாய்ப்பாடு ஆகிவிட்டன. பொதுவான போக்கும் தெரிந்ததே. ஜான் லெட்யார்ட் 1995இல் தொகுத்த மதிப்பாய்வின்படி, பங்களிப்பு முதலில் கையிருப்பில் 40 முதல் 60 சதவீதமாகத் தொடங்கி, சுற்றுகள் செல்லச் செல்லச் சரிகிறது.

விதி எளிது. அதிலிருந்து வரும் தரவு எளிதல்ல. 96 பேர், 24 குழுக்கள், 10 சுற்றுகள் என்று ஒரு சோதனையை வைத்துக்கொள்வோம். பாதிக் குழுக்களுக்குத் தண்டனை வாய்ப்பு உண்டு, அதாவது மற்றவர்கள் போட்டதைப் பார்த்த பிறகு சொந்தச் செலவில் ஒருவரின் வருமானத்தைக் குறைக்கலாம்; பாதிக்கு இல்லை. இந்த இரண்டு விதங்களும்தான் இரண்டு 'ஏற்பாடுகள்'. கணினியில் இறங்கும் கோப்பில் 960 வரிகள் இருக்கும். அவற்றை அப்படியே மென்பொருளில் போட்டு இரண்டு ஏற்பாடுகளையும் ஒப்பிட்டால் பி மதிப்பு, அதாவது விளைவே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு, 0.0001 என்று வந்து நிற்கும் (வழக்கமான எல்லை 0.05). பெரும்பாலும் அந்த எண் பொய்.

யார் யாரைப் பார்த்தார்கள்

ஒரு குழுவில் முதல் சுற்றில் ஒருவர் 0 போட்டார் என்றால், அதைச் சுற்று முடிந்ததும் பார்த்த மற்ற மூவரும் இரண்டாம் சுற்றில் இறங்குவார்கள். மூன்றாம் சுற்றில் இன்னும் இறங்குவார்கள். அந்தக் குழுவின் 40 வரிகளும் ஒரே கதையின் 40 பக்கங்கள். நாற்பது சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி நாற்பது முறை பேசுகிறது.

எவ்வளவு ஏமாறுகிறோம் என்பதைக் கணக்கிடலாம். ஒரே குழுவின் இரு வரிகளுக்கு இடையிலான ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) 0.3 என்று வையுங்கள். கொத்தின் அளவிலிருந்து (இங்கே ஒரு குழுவின் 40 வரிகள்) ஒன்றைக் கழித்து, அந்த ஒட்டுறவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வீக்கக் காரணி கிடைக்கும்: 1 + 39 × 0.3 = 12.7. ஓர் ஏற்பாட்டின் 480 வரிகளை 12.7ஆல் வகுத்தால் மிஞ்சுவது சுமார் 38 சார்பற்ற அவதானங்கள். மதிப்பீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் திட்டப்பிழையோ உண்மையில் இருக்க வேண்டியதைவிட மூன்றரை மடங்கு சிறிதாகக் காட்டப்படுகிறது. சுற்றுகளை 10இலிருந்து 20ஆக உயர்த்தினால் சரியாகிவிடுமா? ஏற்பாட்டுக்கு வரிகள் 960 ஆகும், காரணி 24.7 ஆகும், மிஞ்சுவது சுமார் 39. கோப்பின் நீளம் இரட்டித்தும் கூடுதலாகக் கிடைத்தது ஒரே ஓர் அவதானம்.

ஆக, முதல் கேள்வி எந்தப் புள்ளியியல் சோதனை, எந்தக் கணித மாதிரி என்பதல்ல. யார் யாருடைய முடிவைப் பார்த்தார்கள் என்பதுதான். 10 சுற்றும் குழு மாறாமல் இருந்தால் சார்பற்ற அலகு குழு. ஒவ்வொரு சுற்றிலும் குழுவைக் குலுக்கிப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். அறையில் 24 பேர் இருந்து அவர்களுக்குள் குழுக்கள் மாறிக்கொண்டே இருந்தால், மூன்றாம் சுற்றுக்குள் ஒருவரின் கஞ்சத்தனம் அறை முழுதும் பரவியிருக்கும். ஒரே ஆளை இரண்டாம் முறை சந்திக்கவே முடியாதபடி அமைத்தாலும் இது தீராது. அவர் எனக்குச் செய்ததை நான் இன்னொருவருக்குக் கடத்தலாம் அல்லவா? அந்த 24 பேரும் சேர்ந்து ஒரே அவதானம்.

நம் 96 பேரை இப்படி நான்கு அமர்வுகளாக நடத்தினால் ஏற்பாட்டுக்கு இரண்டு அவதானங்கள். இரண்டுக்கு இரண்டு என்று ஒப்பிடும் வரிசைச் சோதனையில் (எண்களின் தரவரிசையை மட்டும் பார்ப்பது) வரக்கூடிய மிகச் சிறிய இருபக்க பி மதிப்பு 2/6, அதாவது 0.33. விளைவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தச் சோதனை அதைக் கண்டுபிடிக்காது, வடிவமைப்பிலேயே தோற்றுவிட்டது. பரிகாரம் எளிது, ஆனால் சோதனைக்கு முன்பே செய்ய வேண்டியது. அறையிலுள்ள 24 பேரை எட்டு எட்டாக மூன்று தொகுதிகளாகப் பிரித்து, குலுக்கலை அந்தத் தொகுதிக்குள்ளேயே அடக்கிவிட வேண்டும். அப்போது ஏற்பாட்டுக்கு ஆறு அவதானங்கள் கிடைக்கும், மிகச் சிறிய பி மதிப்பு 2/924, அதாவது 0.002. தொகுதி எண்ணைத் தரவுக் கோப்பில் சேமிக்க மறப்பவர்கள் உண்டு. மறந்தால் பிறகு யார் யாரைச் சந்தித்தார்கள் என்ற பதிவிலிருந்து அதைத் தோண்டி எடுக்க வேண்டும்.

இரண்டு விதிவிலக்குகள் ஆறுதல் தரும். முதல் சுற்றில் யாரும் யாரையும் பார்க்கவில்லை, எனவே அங்கே 96 பேரும் 96 சாட்சிகள். ஆட்டம் தொடங்கும் முன் தனியாக நிரப்பப்படும் முடிவு அட்டவணைகளுக்கும் ('மற்றவர்கள் இவ்வளவு போட்டால் நான் இவ்வளவு') இது பொருந்தும். ஏற்பாட்டின் விளைவு முதல் சுற்றிலேயே தெரிய வேண்டும் என்பது உங்கள் கருதுகோள் என்றால், அதை மட்டும் வைத்துச் செய்யும் சோதனைக்கு வலு அதிகம்.

இதே எச்சரிக்கை மேல் மட்டத்திலும் வரும். ஹெர்மன், தோனி, கேக்டர் ஆகியோர் 2008இல் உலகின் 16 இடங்களில் இந்த ஆட்டத்தை நடத்தினார்கள். தனி மனிதர் நடத்தையைப் பற்றிப் பேச அங்கே ஆட்கள் ஏராளம். ஆனால் சட்டத்தின் ஆட்சி போன்ற, இடத்துக்கு இடம் மட்டும் மாறும் காரணியைப் பற்றிப் பேசும்போது கையில் இருப்பவை 16 புள்ளிகள்தாம்.

முதலில் எளிய சோதனை

ஒவ்வொரு குழுவையும் ஒரே எண்ணாகச் சுருக்குங்கள்: 4 பேர், 10 சுற்றுகளின் சராசரி. 24 எண்கள் கிடைக்கும். இதில் மான்–விட்னி என்ற வரிசைச் சோதனை செய்வது வழக்கம். அதன் குறைந்தபட்ச எண்ணிக்கையை நினைவில் வைப்பது நல்லது. மூன்றுக்கு மூன்று என்றால் இருபக்க பி மதிப்பு 0.1க்குக் கீழே போகவே போகாது. நான்குக்கு நான்கு என்றால் 0.029 வரை போகலாம், அதுவும் ஓர் ஏற்பாட்டின் எல்லாக் குழுக்களும் மற்றதன் எல்லாக் குழுக்களையும் விட மேலே இருந்தால். ஒரே குழு இரண்டு ஏற்பாடுகளையும் விளையாடும் வடிவமைப்பில் வில்காக்சன் குறியிட்ட வரிசைச் சோதனை பயன்படும். அங்கே ஐந்து குழுக்கள் போதாது (0.0625), ஆறு வேண்டும் (0.031).

மான்–விட்னியை 'இடைநிலை அளவுகளின் சோதனை' என்று எழுதுவது பரவலான பிழை. ஒரு பக்கத்து எண் மறுபக்கத்து எண்ணைவிடப் பெரிதாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேலா கீழா என்பதையே அது பார்க்கிறது. கூட்டுறவுத் தரவில் இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தண்டனை வாய்ப்புள்ள ஏற்பாட்டில் சில குழுக்கள் 20ஐ நோக்கி ஏறலாம், சில சண்டையில் சிக்கிக் கீழேயே கிடக்கலாம். சராசரி மாறாமல் பரவல் மட்டும் மாறினாலும் சோதனை தன் வாக்குறுதியைக் காப்பாற்றாது. குழுவாரியாக 24 கோடுகளைச் சுற்றுகளின் மீது வரைந்து பார்ப்பதுதான் இதைப் பிடிக்க வழி. சராசரிக் கோடு இரண்டை மட்டும் வரைந்தால் எதுவும் தெரியாது.

வரிசைமாற்றச் சோதனை இன்னும் நேர்மையானது. 24 குழு எண்களையும் எடுத்து, இரு ஏற்பாடுகளின் சராசரி வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'தண்டனை உண்டு', 'இல்லை' என்ற 12 + 12 சீட்டுகளைக் கலைத்துப் போட்டு மீண்டும் வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். மொத்தம் 27,04,156 விதமாகப் போடலாம். 10,000 முறை போதும். உண்மையில் கிடைத்த வித்தியாசத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ எத்தனை முறை வந்தது என்று எண்ணி, ஒன்றைக் கூட்டி, 10,001ஆல் வகுத்தால் அதுதான் பி மதிப்பு. ஒரு நிபந்தனை: ஆட்டத்தை நடத்தியபோது ஏற்பாடுகளை எப்படிக் குலுக்கி ஒதுக்கினீர்களோ அப்படியே கலைக்க வேண்டும். ஒவ்வொரு அமர்விலும் மூன்று குழுக்களுக்குத் தண்டனை, மூன்றுக்கு இல்லை என்று ஒதுக்கியிருந்தால், சீட்டுகளை அமர்வுக்குள் மட்டுமே கலைக்கலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு ரிக்ரெஷனுக்கு, அதாவது ஓர் அளவு மற்றவற்றோடு எப்படி நகர்கிறது என்று கோடு பொருத்துவதற்கு, போவதே முறை. வரி அளவில் ரிக்ரெஷன் ஓட்டி, குழு அளவில் கொத்தாக்கிய திட்டப்பிழை போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தச் சூத்திரம் கொத்துகள் நிறைய இருந்தால் மட்டுமே நம்பத்தக்கது. 12 கொத்துகளில் அது திட்டப்பிழையைக் குறைத்தே சொல்லும். கேமரன், கெல்பாக், மில்லர் 2008இல் பரிந்துரைத்த 'வைல்டு கொத்து பூட்ஸ்ட்ராப்' (பிழைகளின் குறியைக் கொத்துக் கொத்தாகத் தற்செயலாக மாற்றி, கணக்கை மீண்டும் மீண்டும் ஓட்டும் முறை) அதற்கு மாற்று. ஆறே கொத்துகள் என்றால் அதன் வழக்கமான கூட்டல்–கழித்தல் எடைகளால் 64 சேர்க்கைகள்தாம் உருவாகும்; பி மதிப்பு படிப்படியாகத் தாவும். எளிய குழுச் சோதனையில் 0.2 என்று வந்தது சிக்கலான மாதிரியில் 0.01 ஆகிவிட்டால், மகிழ்வதற்கு முன் எந்த எடுகோள் அந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தது என்று தேடுங்கள்.

பூஜ்யத்திலும் இருபதிலும் குவியும்போது

பங்களிப்புகளின் வரைபடம் மணி வடிவில் இருக்காது. 0இல் ஒரு கோபுரம், 20இல் ஒரு கோபுரம், இடையில் 5, 10, 15இல் சிறு மேடுகள். இதைக் கண்டதும் பலர் டோபிட் மாதிரியை எடுக்கிறார்கள்.

ஜேம்ஸ் டோபின் 1958இல் முன்வைத்த அந்த மாதிரி, பார்வைக்கு வராத ஒரு விருப்ப அளவு இருப்பதாகவும் அது எல்லைகளில் வெட்டப்படுவதாகவும் கொள்கிறது. இங்கே 0 போட்டவர் உண்மையில் −5 போட விரும்பினாரா? தொகுப்பிலிருந்து எடுக்கும் வாய்ப்பு இருந்தால் எடுத்திருப்பார் என்று வாதிடலாம். ஆனால் அது வேறு ஆட்டம். இங்கே 0 என்பது அளவுகோல் தீர்ந்துபோனதால் வந்த எண் அல்ல, அவர் எடுத்த முடிவு. இதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்றுண்டு: பிழைகள் மணி வடிவ இயல்நிலைப் பரவலில் இல்லாவிட்டாலோ அவற்றின் சிதறல் ஆளுக்கு ஆள் மாறினாலோ டோபிட்டின் மதிப்பீடே தடம் புரளும். சாதாரண ரிக்ரெஷனில் சராசரி வித்தியாசமாவது சரியாகக் கிடைக்கும். இன்னொரு பிழை: டோபிட் தரும் கெழு (விளைவின் அளவைக் காட்டும் எண்) 3.2 என்றால் பங்களிப்பு 3.2 வில்லை கூடியது என்று எழுதிவிடுகிறார்கள். அது மறைந்த அளவின் நகர்வு. உண்மை வில்லைகளில் விளைவு பொதுவாக அதைவிடச் சிறிது. தனியே கணக்கிட வேண்டும்.

'போடலாமா' என்ற முடிவும் 'எவ்வளவு' என்ற முடிவும் வேறு வேறு காரணங்களால் நகரும் என்று கருத இடமிருந்தால், கிராக் 1971இல் தந்த தடைதாண்டல் மாதிரி பொருந்தும். முதல் பகுதி பூஜ்யமா இல்லையா, இரண்டாம் பகுதி பூஜ்யமில்லாதவர்கள் எவ்வளவு. மாதிரியே வேண்டாம் என்றால் மூன்று எண்களைத் தாருங்கள்: 0 போட்டவர் விகிதம், 20 போட்டவர் விகிதம், இடைப்பட்டவர்களின் சராசரி. வாசகருக்கு டோபிட் கெழுவைவிட இது அதிகம் சொல்லும்.

பிறரைப் பார்த்து நடப்பதை அளத்தல்

இந்தத் துறையில் அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். 'மற்றவர்கள் ஒரு வில்லை கூட்டினால் நான் எவ்வளவு கூட்டுவேன்?' கேள்வி இயல்பானது, அதனால் என் பங்களிப்பை மற்ற மூவரின் சராசரி மீது ரிக்ரெஷன் ஓட்டிவிடுகிறார்கள். அந்த மூவரும் என்னைப் பார்த்துத்தான் நடந்தார்கள். கண்ணாடி முன் நின்று, பிம்பம் என்னை அசைக்கிறதா நான் பிம்பத்தை அசைக்கிறேனா என்று கேட்பது போல. சார்லஸ் மான்ஸ்கி 1993இல் இதற்குப் பிரதிபலிப்புச் சிக்கல் என்றே பெயர் வைத்தார்.

ஒவ்வொரு குழுவின் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மட்டம் தரும் நிலையான விளைவுகளைச் சேர்த்தால் இன்னும் வேடிக்கை. குழுவின் மொத்தம் நிலையாகப் பிடிக்கப்பட்டுவிட்டால், என் பங்களிப்பு 3 கூடும்போது மற்ற மூவரின் சராசரி 1 குறைந்தே ஆக வேண்டும். கெழு −3 என்று வரும். யாருடைய மனநிலையும் இதில் இல்லை, வெறும் கூட்டல் கணக்கு.

ஒரு சுற்று முந்தைய பங்களிப்புகளைப் பயன்படுத்துவது நல்ல முன்னேற்றம். ஆனால் கூடவே என் முந்தைய பங்களிப்பையும் வைத்து, ஆளுக்கான நிலையான விளைவையும் சேர்த்தால், ஸ்டீபன் நிக்கல் 1981இல் காட்டிய சாய்வு (மதிப்பீடு ஒரு பக்கமாகவே பிறழ்வது) நுழைகிறது. பழக்கத்தின் உண்மைக் கெழு 0.5, சுற்றுகள் 10 என்றால் சாய்வு தோராயமாக −1.5/9, அதாவது −0.17. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. பழைய சுற்றுகளின் எண்களைக் கருவி மாறிகளாக வைக்கும் அரெல்லானோ–பாண்ட் முறை இதைத் திருத்தும். ஆனால் கருவி மாறிகள் சுற்றுக்குச் சுற்று பெருகி, 24 குழுக்களுக்குத் தாங்காத கூட்டமாகிவிடும். அவற்றை இரண்டு மூன்று சுற்றுப் பின்னடைவுகளுக்குள் அடக்க வேண்டும்.

இந்தச் சிக்கல்களுக்கெல்லாம் நல்ல விடை புள்ளியியலில் இல்லை, சோதனை அமைப்பில் இருக்கிறது. ஃபிஷ்பாக்கர், கேக்டர், ஃபேர் 2001இல் செய்தது இதுதான். மற்றவர்களின் சராசரி 0 என்றால் நீங்கள் எவ்வளவு, 1 என்றால் எவ்வளவு, 20 என்றால் எவ்வளவு என்று 21 கட்டங்களை முன்கூட்டியே நிரப்பச் சொன்னார்கள். நிரப்பியபடியே பணம் கணக்கிடப்படும் வாய்ப்பையும் வைத்தார்கள். மற்றவர்களின் பங்களிப்பை இங்கே ஆய்வாளரே நகர்த்துகிறார், பிரதிபலிப்பு ஒழிந்தது. 44 பேரில் பாதிப் பேர் மற்றவர்கள் கூட்டினால் தாமும் கூட்டுபவர்கள். சுமார் 30 சதவீதம் ஓசிச் சவாரிக்காரர்கள். 14 சதவீதம் ஓரளவு வரை ஏறிப் பிறகு இறங்குபவர்கள்.

வகைபிரிக்க அவர்கள் ஸ்பியர்மன் ஒட்டுறவை 1 சதவீத மட்டத்தில் பயன்படுத்தினார்கள். 21 கட்டங்களுக்கு அந்த எல்லை சுமார் 0.55. ஸ்பியர்மன் வரிசையை மட்டுமே பார்க்கும், அளவைப் பார்க்காது என்பதில் ஓர் ஓட்டை. மற்றவர்கள் 0இலிருந்து 20க்குப் போகும்போது 0இலிருந்து 2க்கு மட்டும் நகர்பவரும் தேறிவிடுவார். அவரை ஓசிச் சவாரிக்காரர் என்று சொல்வதே நியாயம். எல்லாக் கட்டத்திலும் ஒரே எண் போட்டவருக்கு ஒட்டுறவே வரையறுக்கப்படாது. மென்பொருள் வெற்றிடம் விட்டு, அவரை ஓசையில்லாமல் கோப்பிலிருந்து தள்ளிவிடும். அதில் எப்போதும் 20 போடுபவரும் சேர்த்தி. ஆகவே எவ்வளவு வேகமாக ஏறுகிறார், மொத்தத்தில் எவ்வளவு போடுகிறார் என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கலவை மாதிரிகள் வகைகளைத் தரவிலிருந்தே தேடும். அவற்றை ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து ஓட்டிவிட்டு நம்பக் கூடாது. பல தொடக்கங்கள் கொடுத்து, ஒரே உச்சிக்கு வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். மீண்டும் மீண்டும் ஆடும் கைதிகள் சிக்கலுக்கு (இருவரும் ஒவ்வொரு முறையும் ஒத்துழைக்கலாம் அல்லது ஏமாற்றலாம் என்ற ஆட்டம்) டால் போவும் ஃப்ரெஷெட்டும் 2011இல் இதே பாணியில் உத்திகளின் பங்கை மதிப்பிட்டார்கள். அங்கே கண்ணி வேறு: இருவரும் கடைசிவரை ஒத்துழைத்த ஆட்டத்தில் 'எப்போதும் ஒத்துழை', 'பழிக்குப் பழி', 'ஒருமுறை ஏமாற்றினால் என்றும் மன்னிப்பில்லை' ஆகிய மூன்றும் ஒரே தடத்தையே விடும். யாராவது தவறியிருந்தால்தான் உத்திகள் பிரியும்.

தண்டனை திருத்தியதா, தானாகவே ஏறியதா

தண்டனைச் சோதனைகளில் கண்ணுக்கு உடனே படுவது: குறைவாகப் போட்டவர் தண்டிக்கப்படுகிறார், அடுத்த சுற்றில் கூட்டிப் போடுகிறார். தண்டனை வேலை செய்தது என்று எழுதத் தோன்றும். ஆனால் ஒரு சுற்றில் வழக்கத்தைவிடக் குறைவாகப் போட்டவர், தண்டனை இல்லாவிட்டாலும் அடுத்த சுற்றில் தன் சராசரியை நோக்கி ஏறுவார். எவ்வளவு என்பதற்குத் தண்டனை இல்லாத ஏற்பாடே அளவுகோல். அதே அளவு தாழ்ந்தவர்கள் அங்கே எவ்வளவு ஏறினார்கள் என்று பார்த்துக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பேசத் தகுந்தது.

தண்டனைப் புள்ளிகளை விளக்கும்போது, தண்டிக்கப்பட்டவர் குழுச் சராசரிக்கு எவ்வளவு கீழே, எவ்வளவு மேலே என்பதை இரண்டு தனி மாறிகளாக வையுங்கள். ஒன்றாகச் சேர்த்தால், அதிகம் போட்டவர்களையும் தண்டிக்கும் பழக்கம் மறைந்துவிடும். 16 இடங்களில் நடந்த அந்த 2008 ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பே அதுதான். லாபத்தைக் கணக்கிடும்போது தண்டனையின் செலவையும் கழிக்க வேண்டும். 2002இல் ஃபேரும் கேக்டரும் வைத்த விகிதப்படி, தண்டிப்பவருக்கு 1 செலவு, பெறுபவருக்கு 3 இழப்பு. பங்களிப்பு உயர்ந்தும் குழு ஏழையாவது இதனால் சாத்தியம்.

எத்தனை குழுக்கள்

குழுச் சராசரிகளின் திட்ட விலக்கம் 4 வில்லைகள் என்று கொள்வோம். 12க்கு 12 குழுக்களில், 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக்கூடிய வித்தியாசம் சுமார் 4.8 வில்லைகள். அதைவிடச் சிறிய விளைவு இருந்தும் கண்ணில் படாமல் போகலாம். 2 வில்லை வித்தியாசத்தைப் பிடிக்க ஏற்பாட்டுக்கு 64 குழுக்கள், மொத்தம் 512 பேர் வேண்டும். எதிர்பார்க்கும் விளைவை முந்தைய ஆய்விலிருந்து அப்படியே எடுப்பதும் ஆபத்து: 2016இல் 18 பொருளாதாரச் சோதனைகளைத் திரும்பச் செய்தபோது 11 மட்டுமே தேறின, விளைவின் அளவும் சராசரியாக முதலில் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தது.

எல்லாச் சுற்றுகளா, முதல் பாதியா, கடைசிச் சுற்றா. சராசரியா, பூஜ்யம் போட்டவர் விகிதமா. வரிசைச் சோதனையா, ரிக்ரெஷனா? மூன்று, இரண்டு, இரண்டு என 12 வழிகள். அவை ஒன்றையொன்று சாராதவை என்று வைத்தால், விளைவே இல்லாதபோதும் ஏதாவது ஒன்று 0.05க்குக் கீழே வரும் வாய்ப்பு 46 சதவீதம். உண்மையில் அவை பின்னிப் பிணைந்தவை, அதனால் அதைவிடக் குறையும். ஆனால் 5இல் நிற்காது. எதை முதன்மை அளவாகக் கொள்வது என்று தரவு வருமுன் எழுதி வைத்து, மற்றவற்றுக்கு ஹோல்ம் திருத்தம் (பல சோதனைகள் செய்வதற்கு ஈடாக எல்லையை இறுக்குவது) போடுவது போதும்.

இணையவழிச் சோதனையில் ஒரு கூடுதல் வலி: பாதியில் வெளியேறுபவர்கள். ஒருவர் போனால் மற்ற மூவரும் காத்திருந்து, குழுவே கலையும். தண்டிக்கப்பட்டவர்கள் அதிகம் வெளியேறினால், மிஞ்சிய முழுக் குழுக்களை மட்டும் ஒப்பிடுவது நல்லவர்களை வடிகட்டி எடுத்து ஒப்பிடுவதாகும். எந்தச் சுற்றில், என்ன நடந்த பிறகு வெளியேறினார்கள் என்பதை ஏற்பாடுவாரியாக அட்டவணையிட்டு, கலைந்த குழுக்களையும் கலையும்வரை உள்ள தரவோடு கணக்கில் வைத்து ஒருமுறை, முழுக் குழுக்களை மட்டும் வைத்து ஒருமுறை என இரண்டையும் வெளியிடுங்கள். விதிகளைப் புரிந்துகொள்ளாதவர்களை நீக்குவதாக இருந்தால், அந்தக் கேள்விகளை ஏற்பாடு ஒதுக்கப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும். தண்டனை விதிகள் நீளமானவை. பிறகு கேட்டால் அந்த ஏற்பாட்டில் மட்டும் அதிகம் பேர் தவறுவார்கள், அவர்களை நீக்கியதும் குலுக்கல் கலைந்துவிடும்.